கோடநாடு காட்சிமுனையின் அந்தச் சிறு நடையை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வனத்துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கோடநாடு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு எஸ்டேட்டும் அதைச் சுற்றிய வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த ஊருக்கு அதைவிடப் பழைய அடையாளம் ஒன்று உண்டு. நீலகிரி மலை கிழக்கு நோக்கி வந்து சட்டென்று அறுந்து நிற்கும் விளிம்பு அது. கோத்தகிரியிலிருந்து ஈளாடா, கெரடாமட்டம் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போக வேண்டும். வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால், ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. அந்தச் சில நிமிட நடையைக் காப்பாற்றித் தரும்படி கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த நடையைக் குறைக்காதீர்கள். வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்வை மேடைக்கு அருகே கொண்டுவராதீர்கள். மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு தூரத்தில் கடைகளையும் விளையாட்டுகளையும் நிரப்பாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் அதற்கு உச்சவரம்பும் வந்தது: வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. இது நல்ல ஏற்பாடு. நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் மலைக்குள் எத்தனை வண்டிகள் நுழையலாம் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. உள்ளே வந்த வண்டி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை எந்தப் பாஸும் சொல்வதில்லை. ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்கும் படகு இல்லத்துக்கும் போய் நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள் மறுநாள் 'கூட்டமில்லாத இடம்' தேடிக் கோத்தகிரிப் பக்கம் திரும்புகிறார்கள். மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் கோடநாட்டுச் சாலையில் நின்று பார்த்தாலே இது தெரியும். கூட்டம் வந்தால் 'மேம்பாடு' என்ற பேச்சு பின்னாலேயே வரும். மலை மாவட்டங்களில் மேம்பாடு எந்த உருவத்தில் வருகிறது என்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதனால்தான் திட்டம் எதுவும் காகிதத்தில் ஏறும் முன்பே எழுதிவிட நினைத்தேன்.

குன்னூருக்குப் பக்கத்திலேயே இரண்டு காட்சிமுனைகள் ஒரே சாலையில் இருக்கின்றன. லேம்ஸ் ராக் முதலில் வரும். அதைத் தாண்டிச் சென்றால் டால்பின் நோஸ். இரண்டிலும் மலைவிளிம்பில் நின்று கீழே பார்க்கலாம். டால்பின் நோசுக்கு வண்டி ஏறத்தாழ விளிம்பு வரை போகிறது. இறங்கியதும் கடை, கடையை ஒட்டி மேடை. எதிரே கேத்தரின் அருவி வெள்ளை நூலாக விழுவதை ஹாரன் சத்தத்துக்கு நடுவேதான் பார்க்கிறோம். லேம்ஸ் ராக்கில் சோலைக்காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தாக வேண்டும். வேர்கள் புடைத்த மண் பாதை, தலைக்கு மேல் மூடிய கிளைகள், ஈரம். அந்த நடையை முடித்துப் பாறையருகே வருபவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அங்கே 'அமைதி காக்கவும்' என்று பலகை வைத்துத்தான் அது நடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. நடந்த உடம்பு கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, கண் வெளிச்சத்துக்குப் பழகுகிறது, பேச்சு தானாகக் குறைகிறது. அங்கும் குப்பை விழத்தான் செய்கிறது, குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பெரிய ஒலிபெருக்கியையும் பீர்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்கப் பெரும்பாலோர் முன்வருவதில்லை. வண்டியின் டிக்கியிலிருந்து மேடைக்கு எத்தனை அடி என்பதுதான் ஒரு காட்சிமுனையின் தலைவிதியை எழுதுகிறது என்பது என் உறுதியான கருத்து.

கோடநாடு இன்னும் லேம்ஸ் ராக்கைப் போலத்தான் இருக்கிறது. வார நாளில் காலையில் போனால் படியும் சரிவுமான அந்தப் பாதையில் பெரும்பாலும் நாம் மட்டும்தான். சீகாரப் பூங்குருவி எங்கோ மறைவில் இருந்துகொண்டு, மனிதர் யாரோ சோம்பலாகச் சீட்டியடிப்பதைப் போலவே பாடிக்கொண்டிருக்கும். மேடையை அடைந்ததும் முதலில் தெரிவது பனிமூட்டம் மட்டுமே. அவசரப்பட்டவர்கள் 'ஒன்றும் தெரியவில்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் மூட்டம் கிழியும். முதலில் எதிர்ப்பக்கத்து மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு, பிறகு கிழக்கே பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் மினுமினுப்பு, கடைசியாகப் பள்ளத்தாக்கின் அடியில் மாயாறு.

இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்பதை மேடையில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர்க்குத் தெரியாது. முக்கூர்த்தி மலைப்பக்கம் பைக்காராவாகப் பிறந்து, அணைகளில் தங்கி, மேற்கே இறங்கி, முதுமலைக் காட்டில் மாயாறு என்று பெயர் மாறி, நீலகிரிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் நடுவிலுள்ள பிளவில் கிழக்கே ஓடி, பவானிசாகரில் வந்து சேர்கிறது. மலையின் வடபுறத்தைச் சுற்றிவிட்டுத்தான் நம் கண்ணில் படுகிறது. அந்தப் பிளவு ஆறு மட்டும் அறுத்ததன்று. பூமியின் ஆழத்தில் பாறைகள் நொறுங்கி நகர்ந்த பழைய கோடு அது. ஆறு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நீலகிரி இவ்வளவு செங்குத்தாக எழுந்து நிற்பதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். இவ்வளவு பெரிய கதை காலடியில் கிடக்க, அங்கே வந்து செல்பி எடுத்துவிட்டு நாலு நிமிடத்தில் திரும்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. குற்றம் அவர்கள் மீது இல்லை. எதைப் பார்க்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

பள்ளத்தாக்கின் பழுப்புக்கு நடுவே ஒரு பச்சைத் திட்டு தெரியும். தெங்குமரஹாடா. உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் காட்டு நிலத்தைக் கூட்டுறவு விவசாயச் சங்கத்துக்குக் கொடுத்து உருவான ஊர். நெல், வாழை, மஞ்சள் எல்லாம் விளைந்த மண். கணக்குப்படி நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம். ஒருநாள் பார்வை மேடையில் ஒரு சிறுவன் அந்தப் பச்சையைக் காட்டி, "அந்த ஊருக்கு எந்தப் பக்கம் படி இருக்கிறது?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற பெரியவர், தேயிலை பறிக்கும் வேலை முடிந்து தன் மகளோடு வந்திருந்தவர், சிரிக்காமல் பதில் சொன்னார். "படி இல்லை தம்பி. மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகர் போய், அங்கிருந்து காட்டு வழியாகப் போக வேண்டும். அப்புறம் பரிசலில் ஆற்றைத் தாண்ட வேண்டும். என் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்தோம்." பிறகு விரலை நீட்டி, ஆறு வளையும் இடத்தையும் பரிசல் நிற்கும் பக்கத்தையும் காட்டினார். யானை வந்தால் மறுகரையில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னார். சிறுவனின் தந்தை கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு நெடுநேரம் அங்கேயே இருந்தது.

அந்தப் பெரியவர் செய்த வேலையைச் செய்ய ஆள் போடுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். கிழக்குச் சரிவில் வாழும் இருளர்களுக்கும், கோத்தகிரிக்குப் பெயர் தந்த கோத்தர்களுக்கும், சுற்றுவட்டப் படுகர் ஊர்களின் இளைஞர்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்கு வீட்டுக் கொல்லை போல. அதோ தெரிகிற ரங்கசாமி மலை இருளர்களுக்குப் புனிதமானது, அதன் பக்கத்தில் தனித்து நிற்கும் கல்தூண் ரங்கசாமியின் பெயராலேயே வழங்குகிறது என்பதை இருளர் ஒருவரே சொல்லக் கேட்பதற்கும், பலகையில் படிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! வார இறுதியில் நான்கு பேர், வார நாளில் இரண்டு பேர் போதும். மாதச் சம்பளத்தோடு, முறையான பயிற்சியோடு, நல்ல பைனாகுலரோடு. கண்ணாடிப் பாலம் ஒன்றுக்கு ஆகும் செலவில் இந்த வேலைகளைப் பல ஆண்டுகளுக்கு நடத்தலாம்.

கண்ணாடிப் பாலத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் வாகமண்ணில் 2023 செப்டம்பரில் 40 மீட்டர் நீளத்துக்கு அந்தரத்தில் நீட்டிய கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 77 மீட்டர் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் வந்தது. கன்னியாகுமரிப் பாலத்துக்கு ஒரு பயன் உண்டு. கடல் சீற்றத்தின்போது படகு போகாத சிலைக்குப் பாறையிலிருந்து நடந்தே போகலாம். மலைவிளிம்பில் அந்தரத்தில் நீளும் பாலம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? எங்குமில்லை. பாலத்துக்கு வருபவர் பாலத்தைப் பார்க்கத்தான் வருகிறார். வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, காலுறை மாட்டி, ஐந்து நிமிடம் நடுங்கிவிட்டு வெளியேறுகிறார். எதிரே இருக்கும் பள்ளத்தாக்கு வெறும் பின்திரை. கோடநாட்டுக்கு அப்படி ஒரு நிலை வரக் கூடாது. ஜிப்லைன், ராட்டினம், இதய வடிவச் செல்பி வளைவு, இரவில் வண்ண விளக்கு, எதுவும் அங்கே வேண்டாம்.

இரவு விளக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேடைக்குக் கீழே இருப்பது வெற்று நிலமன்று. ஒரு பக்கம் 2007இல் புலிகள் காப்பகமான முதுமலை, மறுபக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம். நடுவில் சீகூர்ப் பீடபூமியும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி இது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சீகூர் யானை வழித்தடத்தை உறுதிசெய்து, அங்கிருந்த விடுதிகள் காலி செய்ய வேண்டும் என்று சொன்னதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வழித்தடத்துக்குள் வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்ன வெளிச்சத்தையும் இரைச்சலையும் விளிம்பில் நின்றுகொண்டு கீழே பாய்ச்சுவது எந்த வகையில் நியாயம்? தெங்குமரஹாடா மக்களைக் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து இடம்பெயர்க்கும் பேச்சு காட்டுயிர்களுக்காகத்தான் நடக்கிறது. அங்கே பரம்பரையாக உழுதவர்கள் விலக வேண்டும், ஆனால் மேலே சுற்றுலாக்காரர்களுக்கு இரவு ஒன்பது மணி வரை ஒளிவெள்ளம் என்றால், அந்த மக்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பிணந்தின்னிக் கழுகுகள் என்று பலர் அழைக்கும் பாறுக் கழுகுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெண்முதுகுப் பாறு இந்தியா முழுவதும் 1990களிலிருந்து அழிந்த வேகம் உங்களுக்குத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலிநீக்கி ஊசி, இறந்த மாட்டின் சதை வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் அவை இன்றும் கூடு கட்டி முட்டையிடும் மிகச் சில இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கு ஒன்று. ஆற்றங்கரை நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் இனப்பெருக்கக் காலம்.

தரையில் நின்று பார்ப்பவருக்குப் பறக்கும் பாறுவின் அடிப்புறம் மட்டுமே தெரியும். கோடநாட்டு மேடையில் சில நாட்களில் அது நமக்குக் கீழே பறக்கிறது. வெயில் ஏறிப் பாறை சூடாகி, காற்று மேலெழும் நேரத்தில், இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டபடி மெல்ல மெல்ல நம் கண்மட்டத்துக்கு உயர்கிறது. அது ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும் கணத்தில் கறுத்த இறக்கைகளுக்கு நடுவே முதுகின் வெண்பட்டை பளிச்சென்று தெரியும். அந்தப் பறவைக்கு ஏன் அந்தப் பெயர் என்று மேலே நின்று பார்த்தால்தான் புரியும். அருகில் நிற்பவர் பாட்டை நிறுத்தினால் இறக்கை முனைகளில் காற்று உராயும் ஒலிகூடக் கேட்கும் தூரத்துக்கு வந்துபோகும். இந்தக் காட்சிக்கு ஈடாக எந்த விளையாட்டுக் கருவியை அங்கே வைக்க முடியும்?

ஆகவே ட்ரோன் கூடவே கூடாது. மேடையிலிருந்து ட்ரோன் விடுபவர்களுக்குப் பாறுகளின் நினைப்பு இருப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு சிறு வீடியோ. நுழைவிடத்திலேயே ட்ரோனை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போது கொடுக்கும் ஏற்பாடு போதும். ஒலிபெருக்கிக்கும் அதே விதி.

சத்தமும் புகையும் பறவைகளுக்கு மட்டும் தீங்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் கூடலூர் அருகே ஊசிமலைக் காட்சிமுனைக்கு வந்த கேரள இளைஞர் ஒருவர் மலைத்தேனீக்கள் கொட்டி உயிரிழந்தார். அவர் வீட்டாரின் துயரத்தை நினைக்கும்போது, இதை ஒரு வாதமாக எடுத்து வைக்கவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் இன்னொரு வீட்டுக்கு அது வரக் கூடாது. மலைத்தேனீ செங்குத்துப் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் பெரிய அடைகளாகத் தொங்கும். புகை, கடும் வாசனைத் திரவியம், கல்லெறி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், கூட்டமே எழுந்துவிடும். இதெல்லாம் தேனெடுக்கும் இருளர், குறும்பர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். சமவெளியிலிருந்து முதல்முறை வருபவருக்கு எப்படித் தெரியும்? டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, 'புகைக்காதீர்கள், கல்லெறியாதீர்கள், தேனீ எழுந்தால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு விலகி வந்துவிடுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் இரண்டு நியாயமானவை. முதலாவது, நடக்க முடியாதவர்கள். முழங்கால் தேய்ந்த தாய், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, இவர்களுக்கு மலை இல்லையா? உண்டு, கட்டாயம் உண்டு. அதற்கு வழி எல்லா வண்டிகளையும் விளிம்புக்கு விடுவது அல்ல. வண்டி நிறுத்தத்திலிருந்து முதல் பார்வை மேடை வரை படியில்லாத, வழுக்காத, மெல்லிய சரிவுப் பாதை ஒன்றைக் கைப்பிடியோடு அமையுங்கள். ஐம்பது அடிக்கு ஒரு கல் இருக்கை போடுங்கள். நுழைவிடத்தில் நல்ல நிலையில் இரண்டு சக்கர நாற்காலிகளும் தள்ளிவிட ஓர் ஆளும் இருக்கட்டும். நடக்கவே இயலாதவர்களுக்கு மட்டும் சத்தமில்லாத பேட்டரி வண்டி ஒன்று. நடைபாதையை ஒழிப்பதைவிட இது எளிது, செலவும் குறைவு. இன்று நடக்க முடியாதவர்களின் பெயரைச் சொல்லிச் சாலை போட்டால், நாளை அந்தச் சாலையின் நெரிசலில் அதே சக்கர நாற்காலி நகர இடமின்றி நிற்கும்.

இரண்டாவது, எங்கள் ஊர்க்காரர்களின் வயிறு. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுச் சிறு தேயிலை விவசாயிகள் எத்தனை காலமாகப் போராடுகிறார்கள்! தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். சுற்றுலா வருமானம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. கடை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கடைகள் வண்டி நிறுத்தத்தோடு நிற்கட்டும். அங்கே இடம் ஒதுக்கும்போது வெளியூர்க் குத்தகைக்காரருக்கு மொத்தமாக ஏலம் விடாமல், கோடநாடு, கெரடாமட்டம், சுற்றுவட்டாரத்து மகளிர் குழுக்களுக்குக் கொடுங்கள். தைலமும் சாக்லேட்டும் விற்கும் கடை ஊட்டியில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இங்கே எங்கள் சிறு விவசாயிகள் தயாரிக்கும் தேயிலைத் தூளும், அவர்கள் வீட்டு அவரையும் பட்டாணியும், சூடாகக் கேழ்வரகுக் களியும் கிடைக்கட்டும். நடந்து திரும்பியவருக்குப் பசிக்கும், கண்டிப்பாக வாங்குவார். காரிலிருந்து இறங்கி நாலு நிமிடத்தில் திரும்புபவர் எதையும் வாங்குவதில்லை என்பதைக் கடைக்காரர்களே சொல்வார்கள்.

குப்பையைப் பற்றி நீண்ட பேச்சு தேவையில்லை. இந்த மாவட்டம் பிளாஸ்டிக் ஒழிப்பில் தமிழ்நாட்டுக்கே முன்னால் நடந்தது. மாநிலத் தடை 2019 ஜனவரியில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே தடை இருந்தது. மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் பணத்தைத் தரும் திட்டம் 2022இல் இங்கேதான் தொடங்கியது. காட்டுயிர்களின் காலைக் கிழித்த கண்ணாடித் துண்டுகள் குறைந்ததற்கு அது பெரிய காரணம். அதே முறையை இங்கேயும் கொண்டுவாருங்கள். நடைபாதைக்குள் எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சிறு வில்லை ஒட்டி, முன்பணம் வாங்கி, திரும்பும்போது கொடுங்கள். சிறு தண்ணீர்ப் பாட்டில்களைத் தடை செய்த மாவட்டத்தில், வண்டி நிறுத்தத்தில் குடிநீர் இயந்திரம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'பழுது' என்று எழுதித் தொங்கவிட்ட இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் தாகத்தோடு வரும் குழந்தையிடம் சட்டம் பேச முடியாது. பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி மேம்பாடு முடிந்துவிடும்.

போக்குவரத்துக்கும் ஒரு வார்த்தை. கோத்தகிரியிலிருந்து கோடநாட்டுக்கு அரசுப் பஸ் இருக்கிறது. அதன் நேரங்களைக் கோத்தகிரி பஸ் நிலையத்தில் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். சீசனில் காலையில் கூடுதலாக இரண்டு நடை விடுங்கள். வார இறுதிகளில் தனி வண்டிகளைக் கோத்தகிரியிலேயே நிறுத்தச் செய்து பஸ்ஸில் அனுப்பினால், ஈளாடாவிலிருந்து தேயிலை மூட்டை ஏற்றிவரும் வேனும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நெரிசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. அந்தச் சாலையோரத் தோட்டங்களில் காட்டெருமைகள் மேய்கின்றன, மாலையில் கரடியும் இறங்குகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் காட்சிமுனையை மூடிவிடுவது மனிதருக்கும் நல்லது, அவற்றுக்கும் நல்லது.

எந்தப் பகுதி எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பது சாதாரண மக்களுக்குத் தெரியாது. சுற்றுலாத் துறை ஒன்றைச் சொல்ல, வனத்துறை வேறொன்றைச் சொல்ல, உள்ளாட்சி மூன்றாவதைச் சொல்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதனால்தான் ஆட்சியருக்கும் இரு துறைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலை இது. அதன் விளிம்பில் ஓர் இடத்துக்கு என்ன செய்வது என்று ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே முடிவாக எடுங்கள்.

கடைசியாக ஒன்று. கோடநாடு காட்சிமுனைக்கு எப்போதாவது திட்டம் தயாரானால், டெண்டர் விடுவதற்கு முன்பு அதன் வரைபடத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், மூன்று இடங்களில் ஒட்டுங்கள்: கோத்தகிரி பஸ் நிலையம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், காட்சிமுனையின் நுழைவிடம். எவ்வளவு சிமெண்ட், எத்தனை மரம் வெட்டப்படும், வண்டி எங்கே நிற்கும், விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கருத்துச் சொல்ல முப்பது நாள் அவகாசம் கொடுத்து, கோடநாட்டிலேயே ஒரு கூட்டம் நடத்துங்கள். இருளர் குடியிருப்புகளுக்கு ஆள் அனுப்பி அழையுங்கள், ஏனென்றால் நாளிதழ் விளம்பரம் அங்கே போய்ச் சேராது. தெங்குமரஹாடாவிலிருந்தும் இரண்டு பேர் வர வண்டி ஏற்பாடு செய்யுங்கள். நாங்கள் எழுத்தில் பதில் தருகிறோம், கூட்டத்துக்கும் வருகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டத்தில் வாழும் ஒருவர்